பி.எஸ்.ஏ. 8.6: எனக்குப் புற்றுநோயா, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 66. ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். போன மாதம் ஒரு வாரம் நீர்க்கடுப்பு, குளிர் ஜுரம். ஒருநாள் ராத்திரி ஒரு சொட்டுகூட வராமல் அடைத்துக்கொண்டது. பக்கத்தில் ஒரு நர்ஸிங் ஹோமில் டியூப் போட்டு, மூன்று நாள் வைத்திருந்து எடுத்தார்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஜுரம் விட்டதும் நிறுத்திவிட்டேன். டியூப் எடுத்த ஐந்தாம் நாள், மகள் முன்பே பணம் கட்டி வைத்திருந்த மாஸ்டர் செக்கப்புக்குப் போனேன். அதில் பி.எஸ்.ஏ. 8.6 என்று வந்திருக்கிறது. ரிப்போர்ட் கொடுத்த பையன், "கேன்சர் டாக்டரைப் பார்த்துடுங்க சார்" என்றான். அன்றிலிருந்து தூக்கமில்லை. ரிப்போர்ட்டை கேஸ் புத்தக உறைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன், மனைவிக்குத் தெரியாது. திருவொற்றியூரில் இருக்கும் என் தம்பி (வயது 61) இரண்டு வருடமாக மூத்திரப் பிரச்சினைக்கு மாத்திரை சாப்பிடுகிறான். அட்டையில் டியூடாஸ்டிரைட், டாம்சுலோசின் என்று போட்டிருக்கிறது. அவனுக்கு 3.1தான், "நான் நார்மல்" என்று சிரிக்கிறான். மருமகனோ, பயாப்ஸி எடுத்தால் புற்றுநோய் பரவிவிடும் என்கிறார். எங்கள் அப்பா எழுபது வயதில் முதுகுவலியோடு படுத்த படுக்கையாகிப் போய்ச் சேர்ந்தார். எனக்கும் அதுதானா? (பெயர் வேண்டாம்.)

பதில்: ஐயா, முதலில் தூங்குங்கள். உங்கள் கடிதத்தில் இருப்பதை வைத்து உங்களுக்குப் புற்றுநோய் என்று எந்த டாக்டரும் சொல்ல முடியாது. இல்லவே இல்லை என்று நானும் இங்கிருந்து சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: அந்த 8.6 எடுக்கப்பட்ட நாள் சரியில்லை. கடை திறக்க, வீடு பால் காய்ச்ச, வண்டி வாங்க என்று எல்லாவற்றுக்கும் நாள் பார்க்கிற ஊர் இது. நிஜமாகவே நாள் பார்த்துச் செய்ய வேண்டிய இந்த ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

ஃபிட்டராக இருந்திருக்கிறீர்கள். பட்டறையிலிருந்து அப்போதுதான் வெளியே எடுத்த சூடான இரும்பின் மேல் வெர்னியரை வைத்து அளப்பீர்களா? ஆறட்டும் என்று விடுவீர்கள் அல்லவா? உங்கள் புராஸ்டேட் சுரப்பியைச் சூட்டோடு அளந்திருக்கிறார்கள். அவ்வளவுதான் இப்போதைக்கு நடந்திருப்பது.

அது என்ன பொருள், ஏன் ரத்தத்துக்கு வருகிறது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். அது புரிந்தால் பாதி பயம் போய்விடும்.

சிறுநீர்ப்பைக்குக் கீழே, மூத்திரக் குழாயைச் சுற்றி மோதிரம் போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கிறது புராஸ்டேட். இளம் வயதில் ஒரு பெருநெல்லிக்காய் அளவு, சுமார் 20 கிராம். ஐம்பதைத் தாண்டினால் பலருக்கு மெல்ல மெல்ல எலுமிச்சம்பழம் அளவுக்கு வளரும். விந்தோடு சேரும் நீரில் ஒரு பகுதியைச் சுரப்பதுதான் அதன் வேலை. அந்த நீரில் இருக்கும் ஒரு புரதம்தான் பி.எஸ்.ஏ. அதாவது புராஸ்டேட்டுக்கே உரிய ஆன்டிஜென். பெயரைக் கவனியுங்கள். புராஸ்டேட்டுக்கு உரியது என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள், புற்றுநோய்க்கு உரியது என்று இல்லை. உங்கள் மருமகனுக்கும் அது சுரக்கிறது, எனக்கும் சுரக்கிறது.

அதற்கு ஒரு வேலையும் உண்டு. விந்து வெளியானதும் முதலில் கூழ்போல உறையும். கால் மணி, அரை மணி நேரத்தில் நீர்த்துவிடும். உறைய வைக்கும் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டி நீர்க்கச் செய்யும் நொதி இந்த பி.எஸ்.ஏ.தான். அதனால் அது இருக்க வேண்டிய இடம் விந்து. அங்கே ஒரு மில்லிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் இருக்கும். ரத்தத்திலோ நானோகிராம் கணக்கு. ஒரு கிராமை நூறு கோடிப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். அதாவது விந்தில் இருப்பதில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ரத்தத்தில் தென்படுகிறது. நடுவில் அவ்வளவு கெட்டியான சுவர்.

நம் வடசென்னைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மெட்ரோ வாட்டர் குழாயில் ஒருநாள் கலங்கலாகத் தண்ணீர் வருகிறது. குழாய் பழசாகி ஓட்டை விழுந்திருக்கலாம். தெருவில் பள்ளம் தோண்டியவன் கடப்பாரையால் குத்தியிருக்கலாம். மழையில் சாக்கடை பொங்கியிருக்கலாம். குடத்தில் பிடித்த தண்ணீரைப் பார்த்து எது காரணம் என்று சொல்ல முடியுமா? எங்கோ கசிகிறது என்று மட்டும்தான் சொல்லலாம். ரத்தத்தில் பி.எஸ்.ஏ. ஏறுவதும் ஒரு கசிவுதான். சுரப்பியின் சுவர் எங்கோ இளகியிருக்கிறது. காரணம் புற்றுநோயாக இருக்கலாம், கிருமித்தொற்றாக இருக்கலாம், வயசுக்கு வரும் சதை வளர்ச்சியாக இருக்கலாம், உள்ளே விட்ட டியூபாகவும் இருக்கலாம். இன்னொன்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். பெரும்பாலும் ஒரு புற்றுச் செல், நல்ல செல்லைவிடக் குறைவாகத்தான் பி.எஸ்.ஏ. சுரக்கிறது. ஆனால் அது இருக்கும் இடத்தில் சுவரும் கட்டமைப்பும் குலைந்துபோவதால், சுரப்பது விந்துக்குப் போகாமல் ரத்தத்தில் இறங்குகிறது.

இப்போது உங்கள் கதைக்கு வருவோம். நீர்க்கடுப்பு, குளிர் ஜுரம்: கிருமித்தொற்று. அப்புறம் நீர் அடைப்பு. அப்புறம் மூன்று நாள் டியூப். இந்த மூன்றில் எந்த ஒன்று வந்தாலும் பி.எஸ்.ஏ. எகிறும், சிலருக்குப் பல மடங்கு. உங்களுக்கு மூன்றும் வரிசையாக வந்திருக்கிறது. போதாததற்கு மாத்திரையையும் பாதியில் நிறுத்தியிருக்கிறீர்கள், ஆகவே தொற்று முழுதாக ஆறியிருக்குமா என்பதே சந்தேகம். இதெல்லாம் முடிந்த ஐந்தாம் நாள் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். 8.6தான் வந்தது என்பதில் எனக்கு வியப்பில்லை. இருபது வந்திருந்தாலும் வியந்திருக்க மாட்டேன்.

இதைச் சொல்வதற்கு எனக்கு ஒரு தகுதி இருக்கிறது: இதே தவறை நானே செய்திருக்கிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் கிளினிக் போட்ட புதிது. ஒரு மாவு மில்காரர் நீர் அடைத்து வந்தார். டியூப் போட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று மறுநாளே பி.எஸ்.ஏ. எழுதிக் கொடுத்தேன். 19 வந்தது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "கொஞ்சம் அதிகமாத்தான் இருக்கு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஏழு வாரம் கழித்துத் திரும்ப எடுத்தபோது 2.8. நான் நிம்மதியாகச் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. அந்த ஏழு வாரத்தில் மில்லை விற்க அட்வான்ஸ் வாங்கிவிட்டிருந்தார். அன்றிலிருந்து டியூப் போட்ட ஆளுக்கு நான் பி.எஸ்.ஏ. எழுதுவதில்லை. செக்கப் பேக்கேஜில் அது தானாகவே சேர்ந்து வருவதுதான் இப்போதைய தொல்லை. யாரும் ஜுரம் வந்ததா, டியூப் போட்டார்களா என்று கேட்பதில்லை. ஊசி குத்தினால் எண் வந்துவிடுகிறது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

முதலில் சிறுநீர் கல்ச்சர் பரிசோதனை. கிருமி இன்னும் இருந்தால் அதற்குத் தகுந்த மருந்தைச் சொன்ன நாள் வரைக்கும் சாப்பிடுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய அட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். புராஸ்டேட்டுக்குள் புகுந்த தொற்று, சாதாரண நீர்க்கடுப்பு மாதிரி மூன்று நாளில் போகாது. வாரக்கணக்கில் மருந்து தேவைப்படும். அடைப்பு வந்த அன்று சளிக்கு ஏதாவது மாத்திரை போட்டீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் சளி மாத்திரைகள் பலவும் சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கும், அல்லது பையைச் சோம்பலாக்கும். புராஸ்டேட் வீங்கிய ஆளுக்கு அது போதும், ராத்திரியில் அடைத்துவிடும்.

அப்புறம் ஆறு முதல் எட்டு வாரம் பொறுங்கள். ரத்தத்தில் இருக்கும் பி.எஸ்.ஏ. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் தன்மை கொண்டது. ஆனால் கசிவு நின்றால்தானே குறையும்? சுரப்பி ஆற அந்த அவகாசம் வேண்டும். திரும்ப எடுக்கும்போது அதே லேபில் எடுங்கள். லேபுக்கு லேப் கருவி வேறு, எண் கொஞ்சம் மாறும். இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். எடுப்பதற்கு முந்தைய இரண்டு நாள் விந்து வெளியேறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வயசு 66 ஆயிற்றே, இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். கேட்காமல் விட்டு ஏமாந்த டாக்டர்கள் உண்டு. சைக்கிள் ஓட்டுபவராக இருந்தால் அந்த இரண்டு நாள் அதையும் நிறுத்துங்கள். சைக்கிளால் எவ்வளவு ஏறும் என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. சீட்டுக்கு நேர் மேலேதான் அந்தச் சுரப்பி இருக்கிறது என்பதால் நான் நிறுத்தச் சொல்கிறேன்.

இந்த எட்டு வாரத்தில் சும்மா இருக்க வேண்டாம். ஒரு சிறுநீரகவியல் நிபுணரைப் போய்ப் பாருங்கள். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலேயே அதற்குத் தனித் துறை இருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான். அவர் விரல் பரிசோதனை செய்வார். கையுறை போட்டு, ஆசனவாய் வழியாக விரலை விட்டு புராஸ்டேட்டைத் தடவிப் பார்ப்பது. அரை நிமிடம்கூட ஆகாது. இதற்குத்தான் நம் ஆட்கள் வெட்கப்பட்டு ஓடுகிறார்கள். மாதவரத்தில் லாரி ஓட்டும் ஒருவர் என்னிடம், "ஸ்கேன்ல தெரியாதா டாக்டர்?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் நான் கையுறையைப் போட்டுக்கொண்டேதான் பதில் சொன்னேன்.

விரலுக்கு என்ன தெரியும் என்று கேட்கிறீர்களா? உங்கள் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நுனியோடு நுனி சேர்த்து வையுங்கள். கட்டைவிரலின் அடியில் உள்ளங்கைச் சதை ஒன்று புடைக்கும், அதை இன்னொரு கையால் அழுத்திப் பாருங்கள். ரப்பர் மாதிரி அமுங்கிக் கொடுக்கிறதா? நல்ல புராஸ்டேட் அப்படித்தான் இருக்கும். இப்போது விரலை மடக்கி, முட்டியைத் தொட்டுப் பாருங்கள். அந்தக் கெட்டித்தனம் எங்காவது ஒரு மூலையில் தட்டுப்பட்டால் எங்களுக்குச் சந்தேகம். ஃபைல் போட்ட இரும்பில் பிசிறு இருக்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லியிருப்பீர்களே, அதே வித்தைதான். புராஸ்டேட் புற்றுகளில் பத்தில் ஏழு, சுரப்பியின் பின்பக்க ஓரத்தில், அதாவது விரலுக்கு எட்டும் பக்கத்தில்தான் தொடங்குகின்றன. அதனாலேயே தொடக்கத்தில் அது மூத்திரக் குழாயை நெருக்காது. எந்த அறிகுறியும் காட்டாது. இரவில் நாலு முறை எழுந்து போவது, சொட்டுச் சொட்டாக வருவது இதெல்லாம் பெரும்பாலும் சதை வளர்ச்சியின் வேலை. விரலில் கெட்டியாக ஏதாவது பட்டால் மட்டும் எட்டு வாரக் கணக்கெல்லாம் கிடையாது, அடுத்த கட்டத்துக்கு உடனே போய்விட வேண்டும்.

திரும்ப எடுத்த எண் எவ்வளவு வந்தால் பயப்பட வேண்டும்? ரிப்போர்ட்டில் 0 முதல் 4 வரை என்று அச்சடித்திருப்பார்கள். அந்த 4 வசதிக்காகக் கிழித்த கோடு. 3.9 உள்ளவருக்கு மோட்சம், 4.1 உள்ளவருக்கு நரகம் என்று எதுவும் இல்லை. அமெரிக்காவில் 2004-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 4-க்குக் கீழே இருந்தவர்களுக்கும் பயாப்ஸி (ஊசியால் சுரப்பியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிப்பது) எடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேருக்குப் புற்று இருந்தது. மறுபக்கம், 4 முதல் 10 வரை உள்ளவர்களில் பயாப்ஸி எடுத்தால் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் புற்று தெரிகிறது. மீதி மூன்று பேருக்கு இல்லை. அதுவும் மேலைநாட்டுக் கணக்கு. தொற்றும் சதை வளர்ச்சியும் முற்றிப்போன பிறகே டாக்டரிடம் வரும் நம் ஆட்களிடம் நான் பார்ப்பது அதைவிடக் குறைவு. பத்தைத் தாண்டினால் வாய்ப்பு பாதிக்கு மேல். வயதும் கணக்கில் வர வேண்டும்: அறுபதுகளில் இருப்பவருக்கு 4.5 வரை விட்டுக்கொடுப்பவர்கள் உண்டு, நாற்பதுகளில் இருப்பவருக்கு 2.5-ஏ அதிகம்.

உங்களுக்கு இரண்டாம் முறை 3, 4 என்று இறங்கிவிட்டால் விஷயம் ஏறக்குறைய முடிந்தது. வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். இறங்காமல் 7, 8 என்றே நின்றால் உடனே ஊசியைத் தூக்க மாட்டோம். முதலில் சுரப்பியின் அளவைப் பார்ப்போம். பெரிய சுரப்பி, கூடுதலாகத்தான் சுரக்கும். பி.எஸ்.ஏ. எண்ணைச் சுரப்பியின் கன அளவால் வகுத்தால் வரும் விடை 0.15-க்கு மேலே போனால் சந்தேகம் கூடும். 80 மில்லி அளவு சுரப்பியில் 8.6 என்றால் விடை 0.11, 30 மில்லி சுரப்பியில் அதே 8.6 என்றால் 0.29. எண் ஒன்றுதான், அர்த்தம் இரண்டு. இன்னொரு சோதனையும் இருக்கிறது. ரத்தத்தில் பி.எஸ்.ஏ. பெரும்பாலும் வேறொரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு திரியும். கொஞ்சம் மட்டும் ஒட்டாமல் தனியாக இருக்கும். தனியாக இருப்பது கால் பங்குக்கு மேல் என்றால் ஆறுதல். பத்தில் ஒரு பங்குக்கும் கீழே என்றால் சந்தேகம்.

அதற்கும் மேலே தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. இது வந்த பிறகு எங்கள் தொழிலே மாறிவிட்டது. முன்பெல்லாம் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி பன்னிரண்டு இடத்தில் குத்துவோம். இப்போது படத்தில் தெரியும் இடத்தைக் குறிவைத்துக் குத்துகிறோம். 500 ஆண்களை வைத்துச் செய்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களில் நூற்றுக்கு 28 பேருக்கு பயாப்ஸியே தேவைப்படவில்லை.

மருமகன் சொல்வதற்கு வருகிறேன். பயாப்ஸி எடுத்தால் பரவும் என்பது நம் ஊரில் வேரூன்றிய பயம். அது எப்படி வந்தது என்பதும் தெரியும். முற்றிய நிலையில் வருபவருக்கு பயாப்ஸி எடுப்போம், அடுத்த சில மாதத்தில் அவர் இறப்பார். "நல்லாத்தான் இருந்தாரு, ஊசி போட்டாங்க, போயிட்டாரு" என்று தெரு பேசும். போனது நோயால், ஊசியால் இல்லை. புராஸ்டேட் பயாப்ஸியில் உண்மையிலேயே யோசிக்க வேண்டியது வேறு: கிருமித்தொற்றும் ரத்தக்கசிவும். முன்பு ஆசனவாய் வழியாக எடுப்போம். இப்போது பல இடங்களில் விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே உள்ள தோல் வழியாக எடுக்கிறார்கள், அதில் தொற்று குறைவு. சிறுநீரில் சில நாளும் விந்தில் சில வாரமும் ரத்தம் தெரியும்; பதற வேண்டாம். ஆனால் எடுத்த பிறகு குளிர் ஜுரம் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், காலையில் பார்க்கலாம் என்று படுக்கக்கூடாது. இதயத்துக்கு ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஒருவேளை புற்று என்றே வந்துவிட்டால்? அப்போதும் எல்லாப் புற்றும் ஒன்றல்ல. சோதிப்பவர் அதற்குத் தரம் போட்டுத் தருவார், கிளீசன் மதிப்பெண் என்று பெயர். 6 என்று வந்தால் பலருக்கும் அறுவையே தேவைப்படாது. குறித்த இடைவெளியில் பி.எஸ்.ஏ., எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் மறு பயாப்ஸி என்று கண்காணித்துக்கொண்டே போகலாம். பிரிட்டனில் சுரப்பிக்குள்ளேயே அடங்கிய புற்றுள்ள 1,643 பேரை மூன்றாகப் பிரித்தார்கள்: ஒரு பகுதிக்கு அறுவை, ஒரு பகுதிக்குக் கதிர்வீச்சு, இன்னொரு பகுதிக்குக் கண்காணிப்பு. 15 வருடம் கழித்துப் பார்த்தால் மூன்றிலும் புராஸ்டேட் புற்றால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான். கண்காணிப்பில் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பின்னால் ஏதோ ஒரு கட்டத்தில் சிகிச்சைக்கு வந்தார்கள், பரவலும் அவர்களிடம் கூடுதலாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பரிசோதனை வந்த வரலாறே ஒரு பாடம். புராஸ்டேட்டில் இப்படியொரு ஆன்டிஜென் இருப்பதை அமெரிக்காவில் ரிச்சர்ட் ஆப்லின் 1970-இல் எழுதினார். 1979-இல் பஃபலோ நகரத்து ரோஸ்வெல் பார்க் நிலையத்தில் மிங் சூ குழுவினர் அதைப் பிரித்தெடுத்துச் சுத்தமாக்கினார்கள். 1986-இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தபோது, ஏற்கெனவே புற்று உள்ளவருக்குச் சிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்புகிறதா என்று பார்க்கத்தான் கொடுத்தது. அந்த வேலையில் இன்றைக்கும் இதை மிஞ்ச ஆளில்லை: சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டவருக்கு எண் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும், 0.2-ஐத் தாண்டினாலே நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். நோய் இருக்கிறதா என்று தேடும் வேலைக்கு அனுமதி 1994-இல்தான் வந்தது. எல்லா ஆண்களுக்கும் இதை எடுப்பதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஆப்லினே ஒருவர். ஐரோப்பாவில் ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஆண்களை 23 வருடம் பின்தொடர்ந்த ஆய்வின்படி, பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் இந்தப் புற்றால் இறப்பு 13 சதவீதம் குறைவு. 456 பேரை அழைத்தால் ஓர் உயிர் தப்புகிறது. அந்த ஓர் உயிருக்காக எடுக்கலாம் என்பவர்களும் இருக்கிறார்கள், மீதிப் பேரின் தூக்கம் போவதைக் கணக்கில் எடுக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். என் கட்சி: ஐம்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் நடுவில் இருப்பவர், என்ன எடுக்கிறோம் என்று தெரிந்து எடுக்கட்டும். தெரியாமல் பேக்கேஜில் எடுக்க வேண்டாம். எடுக்கவே கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வராது. நான் படித்த காலத்தில் அரசு ஆஸ்பத்திரி வாசலில், இரண்டு காலும் விழுந்துபோய் ஆட்டோவிலிருந்து தூக்கி இறக்கப்பட்ட ஆண்களைப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதமாக முதுகுவலிக்குத் தைலம் தேய்த்திருப்பார்கள். பி.எஸ்.ஏ. நூறு, ஐந்நூறு என்று வரும்.

இதைப் படித்ததும் அப்பா ஞாபகம் வந்திருக்கும். அவருக்கு என்ன நோய் என்று இனிமேல் கண்டுபிடிக்க முடியாது. அந்த வயதில் முதுகுவலியோடு படுக்கையில் விழ எலும்பு தேய்மானம், காசநோய் என்று வேறு காரணங்களும் நிறைய. ஆனால் டாக்டரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ புராஸ்டேட் புற்று இருந்திருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. உங்களுக்கே முதுகில் விடாத வலி, கால் மரத்துப்போவது, சிறுநீரில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது இவற்றில் ஏதாவது இருந்தால் எட்டு வாரம் காத்திருக்காமல் இந்த வாரமே போய்விடுங்கள்.

கடைசியாக, சிரித்துக்கொண்டிருக்கும் உங்கள் தம்பி. மாத்திரை அட்டையைப் பார்த்து எழுத்துக்கூட்டி எழுதி அனுப்பினீர்களே, அந்த ஒரு வரிக்கு நன்றி. டியூடாஸ்டிரைட், அதன் அண்ணன் ஃபினாஸ்டிரைட் இரண்டும் சுரப்பியைச் சுருக்கும் மருந்துகள். ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் ரத்தத்தில் பி.எஸ்.ஏ.வை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். ஆகவே அவர் ரிப்போர்ட்டில் வரும் எண்ணை இரண்டால் பெருக்கித்தான் படிக்க வேண்டும். 3.1 இல்லை, 6.2. அறுபத்தொன்று வயதில், டியூப் இல்லாமல் ஜுரம் இல்லாமல் வந்த 6.2. முடி கொட்டுவதற்கு ஃபினாஸ்டிரைட் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே கணக்குதான். மாத்திரையை நிறுத்த வேண்டாம், அது அவருக்குத் தேவையானது. மாத்திரை தொடங்கும் முன்பு எடுத்த பழைய ரிப்போர்ட் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். தொடங்கிய பிறகு ஒருமுறை குறைந்து, பின்னால் மறுபடி ஏற ஆரம்பித்திருந்தால் அது முக்கியமான தகவல். உண்மையைச் சொன்னால், உங்கள் இரண்டு பேரில் நான் முதலில் பார்க்க விரும்புவது அவரைத்தான்.

ரிப்போர்ட்டை கேஸ் புத்தக உறையிலிருந்து எடுத்து வீட்டம்மாவிடம் கொடுங்கள். எப்படியும் சிலிண்டர் வரும் அன்று அவர்தானே அதைத் திறக்கப்போகிறார்? தம்பியின் பழைய ரிப்போர்ட், மாத்திரை அட்டை, நர்ஸிங் ஹோமில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, இரண்டு பேரும் ஒன்றாகவே டாக்டரிடம் போய்விடுங்கள். இரண்டாம் முறை ரத்தம் கொடுக்கப் போகும்போது மட்டும் பஸ்ஸில் போங்கள்; சைக்கிள் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.